கருஞ்சீரகப் போத்தலில் வெள்ளைக் குளிசைகள்

ரமழான் நோன்பு, பதினோராம் நாள். பகல் இரண்டு மணி. பாலாவிச் சந்தியில் தார் உருகும் வெயில். நான் மருந்தாளராக இருக்கும் பாமசிக்கு ஜவ்பர் நானா வந்தார் — பெயரை மாற்றியிருக்கிறேன். உப்பளத் தொழிலாளி. பின்னாலேயே அவர் மனைவி ரிபாயா.

"மிஸ், ரெண்டு நாளா வயித்தால போகுது. உமட்டிச் சத்தியும் வருது. மேலெல்லாம் நோவு. ஒரு வலிக் குளிசையும் சேத்துத் தாங்க."

என்னிடம் எப்போதும் ஒரு பட்டியல் உண்டு. பிரஷர்? சுகர்? அலர்ஜி? வேறு மருந்து?

"ஒண்டும் இல்ல மிஸ். கருஞ்சீரகக் குளிசை மட்டுந்தான்."

வலிக் குளிசையை உறையில் போட்டு நீட்டினேன். வாங்க வந்த கை நடுங்கியது. நோன்புக் களைப்பா? ஆனால் நாக்கும் குழறுகிறதே... நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்கிறாரே?

உறையை நான் விடவில்லை.

"நானா, அந்தப் போத்தலக் கொஞ்சம் பாக்கலாமா?"

அவர் வாய் திறப்பதற்குள் ரிபாயா கைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். லேபலில் கருஞ்சீரகம். உள்ளே வெள்ளைக் குளிசைகள்!

"மனசுக்குக் குடுத்தது மிஸ். லித்தியம். சிலாபத்துக்குப் போய் எடுக்கிறார். இங்க எடுத்தா ஆக்கள் கண்டுருவாங்களாம்."

"மெதுவாப் பேசு புள்ள!"

"காலைல ஒண்டு, ராவைக்கு ஒண்டு. நோன்பெண்டு ரெண்டையும் விடிய முன்ன சஹர் சாப்பாட்டோடயே முழுங்குறார்."

உறையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் நல்ல மருந்து. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்க உப்பளத்தில் வியர்த்தால்? அதற்கு மேல் சில வலிக் குளிசைகளும் அந்த அளவைக் கூட்டும். நான் உறையில் போட்டது அதில் ஒன்று.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் நானா. முதல்ல தண்ணி குடிங்க."

"நோன்ப முறிக்கவா? அங்க பைத்தியம் எண்டு எழுதுவாங்க. உப்பளத்துல தெரிஞ்சா..."

ரிபாயா வெடித்தார். "விட்ட நோன்ப பொறகு ஒரு நாள் புடிச்சுக் களா செய்யலாம். உங்களக் களா செய்ய ஏலுமா?"

ஜவ்பர் நானா தண்ணீருக்குக் கை நீட்டினார்.

த்ரீவீலர் பிடித்து அனுப்பினேன். இரத்தத்தில் லித்தியம் எல்லை தாண்டியிருந்ததாம். ஐந்து நாள் வார்ட்டில் இருந்தார். தப்பினார்.

யோசித்துப் பாருங்கள். சுகர் எவ்வளவு என்று கியூவில் நின்றே ஒப்பிடுகிறோம். மனசு என்றால் மட்டும் ஏன் இன்னொரு போத்தல்? மனச்சோர்வு என்றால் அழுகை மட்டுமல்ல — தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய்விடும். பதற்றநோயில் நெஞ்சு படபடக்கும். மாரடைப்பென்று ஈசிஜி எடுக்க ஓடுவோம். இருமுனைக் கோளாறில் சில காலம் தூக்கமே வேண்டாத உற்சாகம், சில காலம் எழும்பவே முடியாத சோர்வு. எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. பலவும் வேலைசெய்ய இரண்டு மூன்று கிழமையாவது ஆகும். சுகமென்று நாமாக நிறுத்தக் கூடாது. நோன்புக்காக நேரம் மாற்றுவதென்றாலும் முதலில் கிளினிக்கில் கேட்க வேண்டும்.

என்னைக் குடைவது வேறு. ஜவ்பர் நானாவுக்கு முன்பு, "ஒண்டும் இல்ல மிஸ்" என்று சொல்லி என் கையால் வலிக் குளிசை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யாருடைய கையை நான் கவனித்தேன்?

இப்போது "பிரஷர், சுகர், மனசு" என்று ஒரே மூச்சில் கேட்கிறேன். பதிலைச் சத்தமாகச் சொல்லத் தேவையில்லை — தலையை ஆட்டினாலே போதும்.