வலுவான கால்களுக்கு நன்றி

எங்கள் சலவைக்கூடத்தில் பெரியக்காவைப் பெரியக்கா என்று கூப்பிடாத ஆளே கிடையாது. அவளைவிட மூன்று வயது மூத்த கொதிகலன்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "உங்களுக்கு நான் எப்படிங்க அக்கா ஆவேன், உங்க பல்லையே ராத்திரி டம்ளர்லதானே வெக்கிறீங்க" என்று ஒரு நாள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மறுநாளும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். ஜன்னல் கிடையாது. மேலே ஆறு மாடியில் படுத்திருப்பவர்களின் விரிப்புகள் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கம் விழாமல் நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் அதை வாங்கி மடிப்பார்கள். பெரியக்கா இருபத்திரண்டு வருடமாக இடது முனை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம், தையல் அறையில். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது என் வேலை. எனக்கு நாற்காலி உண்டு. பக்கத்தில் இன்னொரு தையல் மிஷினும் இன்னொரு நாற்காலியும் உண்டு; அதில் இருந்த அம்மா ஓய்வு பெற்றுப் போன பிறகு அது காலியாகவே கிடந்தது.

பெரியக்காவின் வாய் ஓயாது. காலையில் கவச உடையைக் கட்டும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் செருப்பு மாட்டுகிறவரை ஏதாவது ஒன்றைத் திட்டிக்கொண்டே இருப்பாள். மாமியார் வீட்டில்கூட இவ்வளவு வெந்ததில்லை என்பாள். மேலே ஒருத்தர் குணமாகிப் போனால் மூன்று பேர் படுக்க வருகிறார்கள், எல்லோரும் என் தலையில்தான் வந்து படுக்கிறார்கள் என்பாள். உருளைச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்கும், நாங்கள் சிரிப்போம். திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவள் முகம் குளித்தவள் முகம் போலத் தெளிந்திருக்கும். டயர் கடையில் வேலை பார்த்து ஓய்ந்துபோன வீட்டுக்காரர் வெந்நீர் போட்டு வைத்திருப்பார். அந்த வாளியில் காலை விட்டபடி மிச்சமிருப்பதை அவரிடம் திட்டுவாளாம். இத்தனை வருடம் அவளை நிற்க வைத்தது அந்த வாய்தான். எனக்கு அது வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு நல அதிகாரி வந்தார். எதிரே யார் வந்தாலும் "நலமா?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் நாலடி தள்ளிப் போயிருப்பார். அதனால் எங்களுக்கு அவர் நலம் மேடம். அவர் எங்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். தினமும் மூன்று நல்ல விஷயங்களை நினைத்து நன்றி எழுதினால் தூக்கம் வரும், கோபம் குறையும், உடம்பே இலேசாகும் என்றார். மறுநாளிலிருந்து வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. வேலைக்கு நுழையும்போது ஆளுக்கொரு நன்றிச் சீட்டு, மூன்று வரி, சொந்தக் கையெழுத்தில் எழுதிப் போட வேண்டும்.

எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. என் புருஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம். இரண்டு பெண் பிள்ளைகளையும் காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தேன், தூக்கம் என்பதே இல்லை. வீட்டிலும் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். சின்னவள் இன்றைக்குத் தானே தலை சீவிக்கொண்டாள் என்று எழுதினேன். வீட்டுக்காரம்மா குழாயைச் சரி செய்து கொடுத்தார் என்று எழுதினேன். ஒரு மாதத்தில் தூக்கம் வந்தது, அடிக்கிற கை நின்றது. அது பொய்யில்லை, இன்றைக்கும் சொல்வேன். எனக்கு ஒத்துக்கொண்ட மருந்தை ஊருக்கெல்லாம் புகட்டக் கிளம்பினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த வினை.

கூடத்தில் பாதிப் பேருக்கு எழுத்து வராது, இல்லாவிட்டால் நேரம் இருக்காது. மேஜையும் நாற்காலியும் இருக்கிறவள் நான் ஒருத்திதான். "நீயே எதையாவது எழுதிப் போட்டுடும்மா" என்று வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். பதினோரு பேருக்கு எழுதினேன். ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு சீட்டு விழுந்தும் யாரும் கேட்கவில்லை. மொத்தமாகப் படித்தால்தானே கேட்பதற்கு.

பெரியக்கா மூன்றாவதோடு படிப்பை விட்டவள். கையெழுத்து மட்டும் போடுவாள். சீட்டு எழுதும் நேரத்தில் என் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்வாள்: இந்த உருளை இன்னைக்கும் என் கையை இழுத்துக்காம விட்டுச்சே, அதுக்கு ஒரு நன்றி. அந்தத் தடியன் மேனேஜர் லீவு போட்டான் பாரு, அதுக்கு ஒண்ணு. நான் சிரித்துக்கொண்டே, இயந்திரம் நல்லபடியாக இயங்கியதற்கு நன்றி என்றும், மேலாளரின் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் எழுதுவேன். அழுக்கு விரிப்பை வெளுப்பது போல அவள் பேச்சை வெளுத்து மடித்து வைத்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "இந்தக் கால் இன்னும் கழண்டு விழலையே, அதுக்கு ஒரு நன்றி போடு."

நான் எழுதினேன்: "நாள் முழுவதும் நின்று உழைக்க வலுவான கால்களைப் பெற்றதற்கு நன்றி."

அந்த மாதம் நலம் மேடம் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து, சிறந்த சீட்டு என்று பலகையில் குத்தி வைத்தார். அந்தச் சீட்டுதான் அது. பெரியக்காவைக் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். அவளும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அப்போதே கணுக்காலுக்கு மேல் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. ஆறு மாதத்தில் தோல் கறுத்து, ஒரு இடத்தில் புண்ணாகி, ஆறவே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். மத்தியானத்துக்குள் அது நனைந்துவிடும். மேலே மூன்றாம் மாடி டாக்டர் பார்த்துவிட்டு, இந்தப் பெண் இனி நீண்ட நேரம் நிற்கக் கூடாது, நின்றால் காலுக்கே ஆபத்து என்று கடிதம் கொடுத்தார். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் பக்கத்து நாற்காலி. தையலும் தெரியும் அவளுக்கு. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.

விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: மேனேஜர், நலம் மேடம், நிர்வாகத்திலிருந்து ஒரு மருத்துவர். தையல் அறையில் இரண்டாம் ஆளுக்கு வேலை இருக்கிறதா என்று சொல்வதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மலை போலக் குவிந்திருக்கிறது என்றேன். பெரியக்கா என்னை நன்றியோடு பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மேனேஜர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கோப்பைத் திறந்தார். அதில் நன்றிச் சீட்டுகள். இரண்டு வருடமாக யாரும் படிக்காத சீட்டுகளை முதல்முறையாகப் படித்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்தார். இயந்திரம் நல்லபடி இயங்குகிறது, மேலாளர் ஒத்துழைக்கிறார், உடம்பு ஆரோக்கியமாக இருக்கிறது. கடைசியில் கால்கள். வலி இருந்ததாக ஒரு வரிகூட இல்லையே, இப்போது நாற்காலி காலியானதும்தான் கால் வலிக்கிறதா என்று கேட்டார். மருத்துவர் பெரியக்காவின் காலை அவிழ்த்துப் பார்க்கக்கூட இல்லை.

நான் எழுதியது என்று இரண்டே இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் மேனேஜர், சீட்டு வேறு யாராவது எழுதிக் கொடுத்ததா, அப்படியானால் சொல்லுங்கள், அந்த ஆளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற என் இரண்டு பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"இது உங்க எழுத்துதானா?" என்று அவளிடம் கேட்டார் நலம் மேடம்.

பெரியக்கா என்னைப் பார்த்தாள். என் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாள் என்றே நினைக்கிறேன். பிறகு, "ஆமாங்க, என் எழுத்துதான்" என்றாள்.

நாற்காலி கிடைக்கவில்லை. நலம் மேடம் அவள் தோளைத் தட்டி, உங்கள் சீட்டுகளை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள், எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு என்றார்.

வெளியே நடைபாதையில் அவள் பின்னாலேயே ஓடினேன். மன்னிச்சிடுக்கா என்றேன், பயந்துட்டேன்கா என்றேன். அவள் நிற்கவில்லை. உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை உருளைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இடது முனையில் யாரும் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலச் சீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். கடைசியாக அவள் தடுப்புப் பக்கம் வந்தாள், காலை இழுத்துக்கொண்டு. என் மேஜை மேல் கையை ஊன்றவில்லை. நான் வெள்ளைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், இன்னைக்கு என்ன எழுதட்டும்க்கா என்று கேட்டேன்.

"என் பேர்ல எதுக்கு? உன் பேர்லயே எழுதிக்க. நன்றி சொல்ல வேண்டியவ நீதான்."

சொல்லிவிட்டு உருளைப் பக்கம் போய்விட்டாள். சீட்டுப் போடாதவர்களை நலம் மேடம் கூப்பிட்டு விசாரிப்பார். அதனால் அவள் பெயரில் அன்றைக்கும் மூன்று வரி எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.