மாப்பிள்ளை வைத்த பதினாலு நொடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இந்த நாற்சந்தியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக இதே மூலையில் சைக்கிள் கடை. ஒரு ஸ்பானரும் காற்றடிக்கிற பம்பும் வைத்துக்கொண்டு நடைபாதையில் குந்தி ஆரம்பித்தவன். இன்றைக்கு ஷட்டர் போட்ட கடை, மேலே இரண்டு அறை வீடு. ரிம்மில் கோட்டம் எடுப்பதில் எனக்கு நிகர் நானே. சொன்னால் பெருமை என்பார்கள். சொல்லாவிட்டால் மட்டும் ஊருக்குத் தெரியாதா என்ன?

நிற்க. நான் சொல்ல வந்தது என் தங்கச்சி புருஷனைப் பற்றி. நானே பார்த்து முடித்த மாப்பிள்ளை.

அவருக்கு வேலை சிக்னல். சந்திக்குச் சந்தி இடுப்பு உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். எந்த விளக்கு எத்தனை நொடி எரியணும் என்கிற சூட்சுமம் எல்லாம் அதற்குள்தான். அந்தப் பெட்டிகளின் சாவிக்கொத்து அவர் இடுப்பில். எங்கள் இரண்டு வீட்டிலும் கார் கிடையாது. நான் நினைத்திருந்தால் வாங்கியிருப்பேன். ஆனால் காரில் வந்து இறங்குகிறவனிடம் எவன் சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொடுப்பான்? மாப்பிள்ளை பாதி தூரம் பஸ், மீதி நடை. நடை என்றால் சாதாரண நடை இல்லை. ஆள் ஆறடிக்கு மேல், அதில் முக்கால்வாசி கால்.

என் கடைக்கு எதிரே ஜனங்கள் ரோட்டைத் தாண்டுகிற வெள்ளைக்கோட்டுக்கு நேரம் வைத்தவர் அவர்தான். கல்யாணமான புதிதில் நான் பார்க்கப் பார்க்க வைத்தார். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் கடிகாரம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மூன்று தரம் நடந்தார். மூன்று தரமும் பதினாலு நொடி. பெட்டியைத் திறந்து பதினாலு வைத்தார்.

"மாப்பிள்ளை, ஒட்டகம் நடந்து பார்த்து ஆட்டுக்கு நேரம் வெச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

"சும்மா நடக்கல மச்சான், சுமையோட நடந்தேன்" என்று தூக்கைத் தூக்கிக் காட்டினார்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அந்தப் பதினாலு நொடியில்தான் இந்தப் பேட்டை ரோட்டைத் தாண்டியது. நானும் தாண்டினேன். கடைசி நாலு அடியை ஓடுவேன். அதைத் தேகப்பயிற்சி என்று சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் தங்கச்சி மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்துத் தைத்தார்கள். டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார்: "எட்டு வாரம் தினமும் இங்க வந்து பயிற்சி எடுக்கணும். நடுவுல விட்டீங்கன்னா கால் இப்படியே இறுகிடும். அப்புறம் எழுந்து நடக்கிறதை மறந்துடுங்க."

ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம், என் கடைக்குப் பின்சந்து. ஆட்டோவின் தாழ்ந்த சீட்டில் இடுப்பை மடக்கக் கூடாதாம். நான் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறேன் என்றேன். "என்னைக் காய்கறின்னு நினைச்சியா அண்ணே?" என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதல் நாள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்ததும் இறங்கினாள். வாக்கரைத் தூக்கி வைப்பாள், ஒரு காலை எடுத்து வைப்பாள், மறு காலை இழுப்பாள். பாதி ரோடு வருவதற்குள் பச்சை போய்விட்டது. நல்லவேளை, நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு திட்டு இருந்தது. அதில் ஏறி நின்றாள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். லாரி போன வேகத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. கையிலிருந்த டியூபை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அடுத்த பச்சையில் அவளே போய்ச் சேர்ந்தாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணே. வெயில் நேரம், லாரிக்காரன் விசிறிவிட்டுட்டுப் போனான்" என்றாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிடித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் சிக்னல்ல குறை சொல்லாதீங்க மச்சான். அளந்து வெச்சது."

"நீங்க அளந்ததை நானும்தான் பார்த்தேன். நாளைக்கு லீவு போட்டுட்டு இந்த ஸ்டூல்ல உட்காருங்க."

உட்கார்ந்தார். பொண்டாட்டி போகிற ஒவ்வோர் அடிக்கும் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டில் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டால் முப்பத்தாறு நொடி. நான் கிண்டல் பண்ண வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டே, "எல்லாருக்கும் என் காலே இருக்கும்னு நினைச்சுட்டேன் மச்சான்" என்றார்.

முப்பத்தாறு கேட்டு ஆபீசுக்கு எழுதினார். ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. அந்தச் சந்திப்பில் ஒன்பது வருஷமாக ஒரு விபத்தும் பதிவாகவில்லையாம், ஆகவே நேரம் தாராளமாக இருக்கிறதாம். வண்டிகள்தான் தேங்குகின்றனவாம். நடுத்திட்டை இடித்து இன்னொரு வரிசை விடவும், நடக்கிறவர்களின் பச்சையைப் பத்து நொடியாகக் குறைக்கவும் உத்தரவு. குறைக்க வேண்டிய ஆள், மாப்பிள்ளை.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பைண்டிங் கடைப் பெரியவர், தினமும் என் கடையில் பேப்பர் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் போகிறவர், எப்போதிலிருந்து வருவதில்லை? இரட்டைக் குழந்தைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வருவாளே, அந்தத் தையல்காரி? ஊன்றுகோலோடு வருகிற வாட்ச்மேன்? யாரும் சாகவில்லை. விசாரித்துப் பார்த்தேன், எல்லாரும் அவரவர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ரோட்டைத் தாண்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். ரோட்டில் இறங்காதவனுக்கு ஏது விபத்து?

மூன்றாம் நாள் கடப்பாரைகளோடு வந்து திட்டை இடித்தார்கள். மத்தியானத்துக்குள் அது இருந்த இடத்தில் தாரும் போட்டாகிவிட்டது. தங்கச்சிக்கு இன்னும் மூன்று வாரப் பயிற்சி பாக்கி.

மாப்பிள்ளை பத்து வைக்கவில்லை. பெட்டியைத் திறந்தார், முப்பத்தாறு வைத்தார், பூட்டினார். "தெரிஞ்சா வேலை போயிடும் மாப்பிள்ளை" என்றேன். "போகட்டும், மூணு வாரம் ஓடினா போதும்" என்றார். எதற்கும் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடித்து அவள் தாண்டுகிற நேரத்துக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். கூட நடந்து வர அவள் யாரையும் விடவில்லை.

முதல் இரண்டு நாள் அவள் ராணி மாதிரி போனாள். மிச்ச நொடி வேறு இருந்தது. மூன்றாம் நாள் ஹாரன் ஆரம்பித்தது. ஒரு வண்டி அடித்தால் போதும், வரிசை முழுக்க அடிக்கும். என் கடையில் ஸ்போக்ஸ் தட்டுகிற சத்தமே எனக்குக் கேட்காது. நான் ஒரு ரிம்மைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்க ஆரம்பித்தேன். இந்தக் கைக்குப் பஸ்ஸே நின்றிருக்கிறது.

"பெருசு, சர்க்கஸ் காட்ட வேற இடம் பாரு" என்றான் ஒருத்தன், கண்ணாடியை இறக்கி.

"உங்க அம்மா நடந்து வர்றப்போ இதே மாதிரி நிப்பேன்டா தம்பி" என்றேன். கண்ணாடி ஏறியது.

தினமும் அதே வண்டிகள், அதே நேரம். அவர்களும் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் சிவப்பு ரொம்ப நேரம் நிற்கும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. வேகமாக நடக்கிறவர்கள் பதினாலு நொடியில் போய்விடுவார்கள். அப்புறம் ரோடு காலி. காலி ரோட்டில் ஒரு பொம்பளை மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கிறாள். நாலாம் நாள் ஒரு பைக் அவளுக்குப் பின்னால் புகுந்து போனது. ஐந்தாம் நாள் மூன்று பைக்.

ஆறாம் நாள் அவள் சரியாக நடு ரோட்டில் இருந்தாள். பச்சை எரிந்துகொண்டிருந்தது, இன்னும் இருபது நொடி பாக்கி. ஒரு வேன் நகர்ந்தது. அது நகர்ந்ததைப் பார்த்து அடுத்த கார். அந்தப் பக்கத்துக்காரர்களும் பார்த்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு பக்கமும் வண்டி. அவள் நின்றுவிட்டாள். முன்பு திட்டு இருந்த இடம்தான், இப்போது வெறும் தார். நான் ரிம்மைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பொய் சொல்ல மாட்டேன், இறங்க முடியவில்லை. பஸ்ஸை நிறுத்திய கை அன்றைக்கு ஒரு ஸ்கூட்டரை நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வைத்த பச்சை அவர் கண்ணெதிரே எரிகிறது, அதற்குள்ளேயே வண்டிகள் ஓடுகின்றன. திறந்து என்னத்தைத் திருப்புவார்? ஐம்பது வைத்தாலும் இதுதானே? சாவியைக் கீழே போட்டுவிட்டு ரோட்டில் இறங்கி ஓடினார். ஒரு பைக்கின் கைப்பிடி அவர் விலாவில் இடித்தது. போய்ச் சேர்ந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த சிவப்பு சுற்றி வந்து வண்டிகள் ஓயும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அவள்மேல் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் ஏறிய பிறகு வாக்கரிலிருந்து அவள் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தார். அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "நான் வரல" என்றாள். நான் திட்டினேன், கெஞ்சினேன். நாலு நாள் போராடித் தள்ளுவண்டியில் உட்காரவைத்தேன். சந்து முனை வரைக்கும் வந்தாள். ஹாரன் சத்தம் கேட்டதும், "திருப்பு அண்ணே" என்றாள். திருப்பினேன்.

கால் இறுகிவிட்டது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. இப்போது கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரைப் பிடித்து நகர்கிறாள், அவ்வளவுதான். மாப்பிள்ளை ஒருநாள் மத்தியானம் வந்து, யாரும் சொல்லாமலே பெட்டியைத் திறந்து பத்து வைத்துவிட்டுப் போனார். என் கடைப் பக்கம் திரும்பவில்லை.

போன வாரம் ஆபீசில் வருஷப் பட்டியல் போட்டார்களாம். இந்தச் சந்திப்புக்கு நேரே விபத்து பூஜ்யம். நல்ல பராமரிப்பு என்று இன்ஜினியர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் அந்த இன்ஜினியரின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன்.

தங்கச்சி கட்டிலிலிருந்தே சொன்னாள். "எதுக்கு அவரைத் திட்டறே? எழுதினது சரிதானே. நான்தான் போறதில்லையே."

மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். அவர் செருப்பு போடவில்லை என்பதைக் கொஞ்சநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.