பொட்டலக் கட்சி

பந்தல்குடியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. தூத்துக்குடி ரோட்டைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர் தராசோடு நிற்பார். பின்கட்டில் நானும் அவருடைய அண்ணன் மனைவியும் உட்கார்ந்து பழைய பேப்பரை நாலாகக் கிழித்து, பொட்டலம் மடிக்கத் தோதாக அடுக்கிக் கொடுப்போம். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய என் கை, கல்யாணமானதும் சீரகத்துக்குப் பேப்பர் கிழித்தது. அந்தக் கோபம் எனக்கு உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கிழிப்பதற்கு முன்னால் வாசித்துவிடுவேன். சத்தமாக வாசிப்பேன், அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் பழைய பேப்பர் கட்டில் எந்தத் தாளும் அதன் ஜோடியோடு வராது. நகைக்கடையில் கொள்ளை நடந்திருக்கும், திருடன் சுவரேறிக் குதிக்கப் போகும்போது 'தொடர்ச்சி 5-ம் பக்கம்' என்று போட்டிருக்கும். அந்த ஐந்தாம் பக்கம் எந்த ஊர்க் கடையில் எந்த மிளகாய் வற்றலைச் சுமந்துகொண்டிருந்ததோ! எங்கள் வீட்டில் எத்தனையோ திருடர்கள் இன்னும் சுவரில்தான் நிற்கிறார்கள்.

இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் இல்லை. தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் எல்லாரும் பொட்டலத்தைப் பிரித்துப் பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டுத் தாளை நீவி வாசிப்பவர்கள்தான். அதில் முதல் ஆள் ஊர் மன்றத் தலைவர் வீட்டம்மா. ஒரு நாள் புளி சுற்றிய தாளோடு கடைக்கு வந்து, "இதோட மறுபாதி இருக்கா? அந்தப் பிள்ளை பிழைச்சுச்சா இல்லையான்னு தெரியாம சோறு இறங்க மாட்டேங்குது" என்று கேட்டாள். தேடித் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தம்மாளின் வீட்டுக்காரர் தலைமையில்தான் மன்றத்துப் படிப்பகம் நடந்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஓட்டுக் கட்டடம். தினமும் அன்றன்றைய பேப்பர் முழுசாக, பக்கம் கலையாமல் வரும். வாசலில் 'அனைவரும் வருக' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அந்த அனைவரில் பெண்கள் சேர்த்தி இல்லை. ஆண்கள் உள்ளே உட்கார்ந்து வாசித்தார்கள், வாதாடினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அதைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போனார்கள். சாயங்காலம் திரும்ப வரும்வரை அன்றைய செய்தி முழுவதும் பூட்டுக்குள் சும்மா கிடக்கும். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

பொங்கலுக்கு மன்றத்தில் போட்டிகள் வைப்பார்கள். பெண்களுக்குக் கோலமும் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவதும். ஆண்களுக்கு உறியடி, கபடி. கடைசியாகச் சாயங்காலம் மேடை போட்டுப் பொது அறிவுப் போட்டி. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாத்தியார் கேள்வி அட்டைகளோடு வருவார். அணிக்கு மூன்று பேர், முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. பதில் தெரிந்தவர் தட்டைத் தட்ட வேண்டும். முதலில் சத்தம் வந்த அணிக்கே வாய்ப்பு.

தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கலுக்கு நாங்களும் பேர் கொடுத்தோம். நான், அக்கா, எதிர்த்த டீக்கடை மதினி. தலைவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா வாங்கம்மா, மேடைக்கும் ஒரு களை வேணும்ல" என்றார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. சிரிப்புதான் சரியில்லை.

அந்த வருஷம் மானம் போனது. முதல் கேள்வியே, இந்தியாவின் பிரதமர் யார் என்பதுதான். அக்கா முந்திக்கொண்டு தட்டைத் தட்டிவிட்டாள். நான் எழுந்து நின்று கணீரென்று பதில் சொன்னேன். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. நான் சொன்னவர் பதவியை விட்டு இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் கடைக்கு வந்த கட்டு அதற்கு முந்தின கோடையில் அச்சடித்தது. எங்கள் பின்கட்டில் அவர்தான் இன்னமும் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்.

அன்றைக்கே எங்களுக்குப் 'பொட்டலக் கட்சி' என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைக்கு வருகிற சின்னப் பையன் கூட, "பொட்டலக் கட்சிக்காரவுக, அம்பது கிராம் மல்லி குடுங்க" என்றான். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கக் கணக்கு பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படிப்பகத்துக்குள் போகாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவு செய்தேன்.

நேராகத் தலைவரிடமே போய்க் கேட்டேன். "மத்தியானம் பூட்டித்தான கிடக்கு அண்ணாச்சி? அந்த நேரம் சாவியக் குடுங்க. நாங்க பொம்பளைக உக்காந்து வாசிச்சிட்டு, நீங்க வாரதுக்குள்ள பூட்டிக் குடுத்துருதோம்."

"அதெல்லாம் சரிப்படாதும்மா. வீட்டு வேலை யாரு பாக்குறது?" என்றார். நாங்கள் வாசித்தால் அவர்கள் வீட்டு உலை கொதிக்காது என்பதுபோல் பேசினார்.

சரி, உள்ளே விடாவிட்டால் போகட்டும், உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரலாம் என்று யோசித்தேன். படிப்பகத்துப் பழைய பேப்பரை மாதா மாதம் எடைக்குப் போடுவது வழக்கம். அது மொத்தமாக அருப்புக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை இனி நாமே வாங்கினால் என்ன என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "பேப்பருக்குப் பேப்பர்தான, எங்க வாங்குனா என்ன" என்று ஒத்துக்கொண்டார். நான் எதற்குக் கேட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். அவர் குணமே அதுதான்.

அதன்பிறகு எங்களுக்கு உலகம் ஒரு மாதம்தான் பின்தங்கியிருந்தது. அப்போதும் எல்லாப் பக்கமும் வராது. சினிமா விளம்பரம் இருக்கிற நடுத்தாளை யாராவது உருவிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஐந்தாம் பக்கம் அதோடு போய்விடும். இருந்தாலும் விடவில்லை. மத்தியானம் கடை ஓய்கிற நேரத்தில் டீக்கடை மதினியும் வந்துவிடுவாள். நான் வாசிக்க, அக்கா கேள்வி கேட்க, மதினி டீக்கரண்டியால் தம்ளரைத் தட்டிப் பழகினாள். கையில் பேப்பர் கிழிந்துகொண்டே இருக்கும், வாயில் நாடும் தலைநகரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த பொங்கல் வந்தது. நாங்கள் மேடை ஏறியதுமே, "பொட்டலக் கட்சி வந்துருச்சு டோய்!" என்று ஒரு குரல். தலைவர் மைக்கைப் பிடித்தார். எதிர் அணியே அவருடையதுதான். குஷியில் வாய் நீண்டுவிட்டது.

"இவுக படிப்பகச் சாவி கேக்குறாக. இன்னைக்கு எங்கள ஜெயிச்சிட்டா, மத்தியானத்துக்குச் சாவி இவுக கையில. இது என் வாக்கு."

கை தட்டினார்கள். நான் தலைவரைப் பார்க்கவில்லை, தெருக்கோடியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். இனி அவரே நினைத்தாலும் விழுங்க முடியாது.

போட்டி நன்றாகவே போனது. திருச்சுழி வழியாக ஓடும் ஆறு எது என்று வாத்தியார் கேட்க, தலைவர் தட்டைத் தட்டி "குண்டாறு" என்றார். "ஓடுதுன்னு யாருய்யா சொன்னது?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். வாத்தியாரே சிரித்துவிட்டார். சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் எது என்றதற்கு நான் பாதரசம் என்றேன். லாரி நம்பரில் எச்.ஆர். என்று இருந்தால் எந்த மாநிலம் என்று கேட்டு வாத்தியார் வாயை மூடுவதற்குள் மதினி தட்டைத் தட்டினாள். "ஹரியானா சார். அந்த லாரிக்காரவுக டீக்குச் சீனி கூடக் கேப்பாக." அதற்கு விழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு வரும்போது இரண்டு அணியும் சமம். நான் கரண்டியைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நாடு எது?"

தட்டுச் சத்தம் எதிரிலிருந்து வந்தது. "சோவியத் யூனியன்!" என்றார் தலைவர். வாத்தியார் அட்டையைப் பார்த்தார். "சரியான விடை." பசங்கள் மேடையேறித் தலைவரைத் தூக்கிவிட்டார்கள்.

நான் எழுந்தேன். "சார், அந்த நாடு இப்ப இல்ல சார்."

தலைவர் பசங்களின் தோளில் இருந்தபடியே மைக்கை வாங்கினார். "போன வருஷம் இல்லாத பிரதமர இருக்காருன்னாக. இந்த வருஷம் இருக்குற நாட்ட இல்லங்குறாக!"

கூட்டம் குலுங்கியது. நல்ல கிண்டல்தான், நானே வேறு இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நான் உட்காரவில்லை. "கலைஞ்சிருச்சு சார். தனித்தனி நாடாப் பிரிஞ்சு மூணு வாரம்தான் ஆகுது. இவுக படிப்பகத்துப் பேப்பர்லதான் வந்துச்சு. நான் வாசிச்சேன்."

வாத்தியாருக்கு முகம் மாறியது. அட்டைகள் போன வருஷம் எழுதியவை என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "ரேடியோவுல ஏதோ சொன்னாக... அந்தப் பேப்பர் இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை. பொங்கல் வியாபாரத்தில் அந்த மாதக் கட்டு முழுவதையும் வெல்லத்துக்கும் பச்சரிசிக்கும் மடித்துத் தீர்த்திருந்தோம். என் கையாலேயே கிழித்து ஊருக்கெல்லாம் விநியோகம் பண்ணிவிட்டு, ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து விறுவிறுவென்று நடந்து போனாள். தலைவர் வீட்டம்மா. என்ன ஏது என்று யாருக்கும் புரியவில்லை. வாத்தியார் தண்ணீர் குடித்தார். தலைவர் தோளிலிருந்து இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாள் திரும்பி வந்து, மேடைக்குக் கீழே நின்றபடி மடித்த ஒரு தாளை வாத்தியாரிடம் நீட்டினாள். எங்கள் கடையில் அவள் வாங்கிய மண்டை வெல்லத்தைச் சுற்றிய தாள். வெல்லப் பிசுக்கு ஒட்டியிருந்தது, ரெண்டு எறும்பும் கூடவே வந்திருந்தன.

வாத்தியார் எறும்பை ஊதிவிட்டு மைக்கில் வாசித்தார். சோவியத் யூனியன் கலைந்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ரெண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். "தொடர்ச்சி ஐந்தாம் பக்கம்னு இருக்கு."

"அதுக்குத்தான் சார் சாவி கேக்குறோம்," என்றாள் தலைவர் வீட்டம்மா.

ஆண்கள் பக்கமும் சேர்ந்து சிரித்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எங்களுடையது. "ரஷ்யாவும் அதுவும் ஒண்ணுதான சார்" என்று தலைவர் இழுத்துப் பார்த்தார். வாத்தியார் கேட்கவில்லை. அட்டையில் இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அப்போ பெரிய நாடு எதும்மா?"

தட்டைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அக்கா கரண்டியைப் பிடுங்கி ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். "ரஷ்யா!"

என் வீட்டுக்காரர் கூட்டத்தின் கடைசியில் நின்று விசில் அடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. தலைவரையும் குறை சொல்லக் கூடாது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மைக்குக்கு முன்னாலேயே என் கையில் வைத்தார். "வாக்கு வாக்குதாம்மா" என்றார். அப்புறம் அவர் பார்வை அவர் வீட்டம்மாவிடம் போனது. அந்தம்மாள் வெல்லத் தாளை வாத்தியாரிடமிருந்து திரும்ப வாங்கி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்கள் போனோம். நாங்கள் மூவரும், தலைவர் வீட்டம்மாவும், பின்னாலேயே தெருப் பெண்கள் ஒரு கூட்டமும். பூட்டைத் திறந்ததும் பீடி நாற்றம் அடித்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். மதினி பெஞ்சைத் துடைத்தாள். பொங்கல் லீவு முடிந்து பேப்பர் வந்திருந்தது. யார் முதலில் எடுப்பது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "நீயே எடுத்து வாசி" என்றாள் அக்கா.

விரித்தேன். மேலே அன்றைய தேதி இருந்தது. முதல் பக்கத்தில் மதுரைப் பக்கம் ஒரு நகைக்கடைத் திருட்டு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக்கொண்டே வந்தேன். திருடன் சுவரேறிக் குதித்தான். தொடர்ச்சி 5-ம் பக்கம்.

பழக்கதோஷத்தில் நான் நிறுத்திவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பு," என்றாள் தலைவர் வீட்டம்மா.

திருப்பினேன். ஐந்தாம் பக்கம் அங்கேயே இருந்தது. திருடன் பிடிபட்டுவிட்டான்.