ஒரே தாளில் இரண்டு செடி

முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் ஊசி. தாவரக் காப்பகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பூவைப் பிரித்துப் போடும் ஊசி ஒன்று எந்நேரமும் அவள் சட்டைப்பையில் இருக்கும் என்பது ஒரு காரணம். அவள் பேச்சு குத்தும் என்பது இன்னொன்று. அவள் பெண்ணுக்கு மட்டும் தெரிந்த காரணம் ஒன்றும் உண்டு. அம்மாவுக்கு ஒருவர்மேல் கோபம் வந்தால் அதைக் கொட்டித் தீர்க்கமாட்டாள். துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து வைத்துக்கொள்வாள். துருப்பிடிக்க விடமாட்டாள்.

செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டி அடுக்கிவைக்கும் இடம் அது. நீளமான அறை, இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள், கதவைத் திறந்தால் மூக்கில் ஏறும் பூச்சி உருண்டை வாடை. அவள் பொறுப்பில் இருந்தது சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நாம் பூ என்று சொல்வது ஒரு பூ இல்லை. பொடிப்பொடிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. ஒவ்வொன்றையும் பிரித்து, அடியில் மயிர் இருக்கிறதா செதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பெரியவர் பார்க்காமல் திறந்தார். வினை அங்கே ஆரம்பித்தது.

பெரியவர் என்றால் அந்தக் காலத்தில் காப்பகத்தின் தலைவர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது, வயிற்றில் பிள்ளை. அந்த நிலையிலும் பாறைச் சரிவு ஒன்றில் ஏறி, வெடிப்புகளுக்குள் மெத்தைபோலப் படர்ந்திருந்த ஒரு செடியைக் கண்டுபிடித்தாள். இலையெல்லாம் வெள்ளிப் பஞ்சு. மொட்டுகள் இறுக மூடிக் கிடந்தன. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு செடி இல்லை. நாலு கிளையை வெட்டிச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்திக் கொண்டுவந்தாள். பூக்கும்போது மறுபடி போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுப் பிரசவ விடுப்பில் போனாள். பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரையே செடிக்கும் வைக்கப் போவதாகப் புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் செடி அச்சில் வந்துவிட்டது. புதிய இனம், கண்டு விவரித்தவர் பெரியவர், பெயர் அவர் மனைவியின் பெயர். கடைசியில் பொடி எழுத்தில் இவளுக்கு ஒரு நன்றி, சுமை தூக்கி உதவியதற்காக. அதைப் படித்தாள். கைக்குழந்தையைப் புருஷன் மடியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவைத்து அழுதாள். அவர் கட்டிலில் விழுந்து சாகட்டும் என்றெல்லாம் நினைத்தாள். சண்டை போடு என்றார் புருஷன். மாட்டேன் என்றாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இலை அவளுடையது, தண்டு அவளுடையது. ஆனால் தண்டின் நுனியில் விரிந்த மஞ்சள் பூ ஒன்று ஒட்டியிருந்தது. அவள் கொண்டுவந்த எந்தக் கிளையிலும் பூ விரிந்திருக்கவில்லையே. ஊசியால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். தெருவோரத்திலும் காப்பகத்தின் மதிலடியிலும் முளைக்கிற சாதாரணக் களையின் பூ. பக்கத்து மடிப்பில் இருந்தது நழுவி வந்திருக்கிறது. ஒட்டியவர் ஒடிந்த நுனியில் வைத்து ஒட்டிவிட்டார். பெரியவரோ அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக நினைத்து, களைப்பூவைப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டார்.

அன்றைக்கே போய், "சார், இது வேற பூ" என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு திருத்தம் போட்டிருப்பார். இவள் பெயரும் ஓர் ஓரமாக வந்திருக்கும். ஓரம் யாருக்கு வேண்டும்? தாளை மடித்து, வைத்த இடத்தில் வைத்தாள். வாயைப் பூட்டிக்கொண்டாள். அவர் பேரு வளரட்டும், நல்லா வளரட்டும், உசரத்துல இருந்து விழுந்தாத்தான் எலும்பு முறியும் என்பது அவள் கணக்கு.

வளர்ந்தது. பெரியவரின் அறையில் அந்தச் செடியின் படம் தொங்கியது. அப்புறம் காப்பகத்தின் முத்திரையிலேயே ஏறியது. வெள்ளி இலையின் உச்சியில் களைப்பூ! ஒவ்வொரு நாளும் வாசலில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பெரியவர், இந்தப் பெண்ணுக்கு மனசில் ஒன்றுமில்லை, தங்கமான பெண் என்று எல்லோரிடமும் சொன்னார்.

நடுவில் ஒரு நாள் வனத்துறை அதிகாரி ஒருத்தி வந்தாள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வந்திருந்த மகள் மேசையோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தச் சரிவைக் கல்குவாரிக்குக் கேட்கிறார்கள், அபூர்வச் செடி அங்கே இருந்தால் தடுத்துவிடலாம், ஆனால் புத்தகத்தில் சொல்லியிருக்கிற பூவை எவ்வளவு தேடியும் காணோம் என்றாள். அந்தச் செடி அவள் காலடியிலேயே வேறு பூவோடு இருந்திருக்கும். ஊசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இத்தனை நாள் காத்ததெல்லாம் பாழ்; பெரியவர் இப்போதே திருத்தம் போட்டுத் தப்பித்துவிடுவார். இன்னும் தேடிப் பாருங்கள் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

பெரியவர் ஓய்வு பெற்றார். அவருக்கு வாழ்நாள் விருது தரப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று ஊசி எழுத உட்கார்ந்தாள். அவர்கள் துறையில் ஒரு விதி உண்டு. ஒரே தாளில் இரண்டு செடி கலந்திருந்தால், அதை முதலில் நிரூபிக்கிறவர் அந்தத் தாளுக்கு வைத்த பெயர் எந்தச் செடிக்குச் சேரும் என்று தீர்மானிக்கலாம். வர்ணனை எதோடு ஒத்துப்போகிறதோ அதற்குத் தர வேண்டும். வர்ணனையில் முக்கால்வாசி களைப்பூதானே? பெயரைக் களைக்குத் தள்ளிவிட்டாள். களைக்கு ஏற்கெனவே பழைய பெயர் இருப்பதால் பெரியவர் வைத்தது செத்த பெயர். உண்மைச் செடிக்குப் பெயர் வைக்கும் உரிமை இப்போது அவளுக்கு. ஒரே ஒரு குறை, அதன் பூவை அவளே இன்னும் பார்த்ததில்லை.

வளர்ந்து நின்ற மகள் கார் ஓட்ட, இருவரும் போனார்கள். சரிவு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. கல்தூள் படிந்த லாரிகள் வரிசையாக நின்றன. வெயில் சாய்கிறவரை பள்ளத்தின் விளிம்பைச் சுற்றினார்கள். வெட்டாமல் விட்ட ஒரு பாறைத் துண்டின் வெடிப்பில் மகள்தான் முதலில் பார்த்தாள். ஒரே செடி, பூத்திருந்தது. மஞ்சளே இல்லை. சுற்றிலும் வெள்ளை இதழ்கள், அவற்றின் முதுகில் ஊதாக் கோடு, நடுவில் கருஞ்சிவப்பில் நெருக்கமான பொடிப்பூக்கள். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பூவை மட்டும் கிள்ளி, ஊசியால் பிரித்து, லென்ஸில் பார்த்து மகளிடம் சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொண்டாள்.

"பாக்கியெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டாள் மகள்.

"இதுதான் பாக்கி."

அவள் கட்டுரையோடு ஆராய்ச்சி இதழ் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைப் பெரியவரின் கையில் தானே கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவர் முகம் சுருங்குவதை நேரில் பார்க்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனை வருஷம். அச்சாகும்வரை அந்த ஆசை பொறுக்கவிடவில்லை; சரிபார்க்க வந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனாள். பெயர் வரவேண்டிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. மகளைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மனைவியின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது, பொய் சொல்வானேன். அவர் பக்கத்தைப் புரட்டி, இரண்டு வரியை மறுபடி படித்தார். சேகரித்தபோது மொட்டுகள் மூடியிருந்தன என்பது ஒன்று. இன்று மிஞ்சியிருப்பது ஒரே செடி என்பது இன்னொன்று.

"மொட்டு மூடியிருந்ததுன்னா, என் பூ தப்புன்னு உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும் சார்."

"குவாரி வரும்போதும் தெரியும்."

அவள் கை சட்டைப்பையில் இருந்த ஊசியைத் தேடிப் போனது.

"திருடினது நான்தாம்மா, இல்லைன்னு சொல்லல. அவசரத்துல தப்பா எழுதிட்டேன்." பக்கங்களை அடுக்கி அவளிடம் நீட்டினார். "நீ நிதானமா பண்ணியிருக்க."

கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கு அது காதில் ஏறியிருக்காது. வாசலுக்கு வந்தாள். ஜெயித்தவள் நடை நடக்கத்தான் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்ததால் மகளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

காரில் ஏறிப் பக்கங்களை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தாள். காலியிடத்தில் மகளின் பெயரின் முதல் எழுத்தை வைக்கப் போனபோது மகள் கையை நீட்டித் தாளின்மேல் வைத்தாள்.

"என் பேரை வைக்காதம்மா."

"உனக்காகத்தானேடி எல்லாம்."

"எனக்காகன்னா அந்த வனத்துறை அக்காகிட்ட அன்னைக்கே சொல்லியிருப்ப."

மகள் வண்டியை எடுத்தாள். ஊசி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். பெரியவர் வைத்த பெயரை அடித்த வரியை அவள் அப்போதும் மாற்றவில்லை, கடைசிவரை மாற்றவும் இல்லை. அந்தக் காலியிடத்தில் எழுதத்தான் வீடு வரும்வரை அவளுக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.