கப்டனை நிற்பாட்டச் சொன்னவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் லண்டனில் யாக்கோப்புவை விட நன்றாகப் பிழைத்தவர் எவரும் இருந்திருக்கக் கூடாது. மன்னாரில் பிறந்த மனிசன், இளந்தாரியாகச் சுவிசுக்குப் போய், பேர்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்து ஐஸ் ஹொக்கி அரங்கின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கினார். சாப்பாட்டுத் தட்டுகளை வெளியே தள்ளுகிற யன்னலால் எட்டிப் பார்த்தால் பனித்தரையில் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுக்குள் ஆட்கள் சறுக்கிக்கொண்டு வந்து, ஒரு கறுத்த ரப்பர் வட்டைத் தடியால் அடித்துவிட்டு மறைந்துபோவார்கள். முதல் வருடம், இது என்ன விசர் விளையாட்டு என்று நினைத்தார். அடுத்த வருடம் அந்த விசர் அவருக்கே பிடித்துவிட்டது.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று மனைவி அருமைநாயகி ஒற்றைக் காலில் நின்றதால், சுவிஸ் பாஸ்போட் கிடைத்த கையோடு குடும்பம் லண்டனுக்கு வந்தது. பிள்ளைகள் படித்து முடித்துத் தங்கள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். யாக்கோப்புவுக்குத்தான் லண்டன் பிடிபடவில்லை. ஹொக்கி என்று சொன்னால், புல்லில் விளையாடுகிறதோ என்று கேட்கிற ஊர் இது. அப்படிப்பட்ட இடத்தில் வாமதேவனைக் கண்டது அவருக்குக் கூடப் பிறந்தவனைக் கண்ட மாதிரி இருந்தது. வாமதேவனும் அதே சுவிஸ் நகரத்தில் இருந்துவிட்டு வந்தவர், யாக்கோப்புவுக்கு ஏழெட்டு வயது இளையவர். அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ரீற்றுக்குப் பின்னால், தமிழ்க் கடைகளுக்கு அரிசியும் தேங்காய்ப்பாலும் மொத்தமாகக் கொடுக்கிற கடை அவருடையது. வேன் ஓட்டிச் சாமான் இறக்குகிற வேலையை யாக்கோப்புவுக்குக் கொடுத்தார். முதலாளி தொழிலாளியை அண்ணை என்பார். தொழிலாளி முதலாளியை வாமன் என்பார்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ரீவியைப் போட்டுச் சுவிசிலிருந்து வந்த நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லோரும் அந்தச் சின்ன நகரத்து ரீமின் ஆட்கள். டாக்சி ஓட்டுகிற சூசைதாசன் சுவிஸ் பத்திரிகைகளின் தலைப்புகளைத் தொலைபேசியில் பார்த்து மொழிமாற்றிக்கொண்டு வருவார். அந்த மெசின் தமிழை ஓரமாகத் தள்ளிவிட்டு, யாக்கோப்பு மூலத்தை டொச் மொழியிலேயே முழுக்க வாசித்துத் தமிழில் சொல்வார். பிறகு எழுதியவனைக் கிழிப்பார். எந்த ஆட்டக்காரனுக்கு என்ன விலை, எவனை வாங்கியது நட்டம், எவனை விற்றது மடைத்தனம் என்று அவர் தொடங்கினால் மற்றவர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுக் கேட்பார்கள். கிழமை முழுக்கப் பெட்டி சுமக்கிற மனிசன் அந்த இரண்டரை மணித்தியாலம் ராசாவாக இருந்தார்.

அந்த ராசாவுக்குத்தான் போன மாரியில் வலது தோள்மூட்டு விட்டுப்போனது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் உயிர் போகும். உள்ளே ஏதோ தசை கிழிந்திருக்கிறது, பாரம் தூக்க வேண்டாம், ஒப்பரேசனுக்குப் பேர் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார் டொக்டர். காத்திருக்கலாம். வேலை காத்திருக்குமா? அறுபதை எட்டிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, பாரம் தூக்க ஏலாத ஒருவருக்கு, யார் வேலை கொடுப்பார்கள்? அருமைநாயகி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது. ஆகவே யாக்கோப்பு தோளை மறைத்தார். காலையில் வலிக் குளிசை போட்டார். மேல் தட்டில் இருக்கிற பெட்டியை எடுக்கச் சொன்னால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பெடியன் ஒருவனைக் கூப்பிட்டார். டூட்டிங் கடை ஒன்றின் வாசலில் தேங்காய்ப்பால் பெட்டியைக் கைதவறிப் போட்டபோது மழையின் மேல் பழியைப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் மறைத்துவிட்டதாகவே அவர் நம்பினார்.

அந்தப் பருவம் ரீமும் சரியில்லை. தோல்விக்கு மேல் தோல்வி. பத்திரிகைக்காரர்கள் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். கப்டன் அம்ஸ்லர், முப்பத்தேழு வயது, ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. கால் ஓடவில்லை, இவரை நிற்பாட்டிவிட்டு இளம் ஆட்களை எடுங்கள் என்று தினம் ஒருவன் எழுதினான். பின்னறைக்காரர்கள் யாக்கோப்புவின் வாயைப் பார்த்தார்கள். பத்திரிகை கிழக்கு என்றால் மேற்கு என்கிறவர் அவர். அதோடு அம்ஸ்லர் பெடியனாக வந்து சாப்பிட்ட தட்டையெல்லாம் கழுவியவர். கப்டனுக்காக வாதாடப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

யாக்கோப்பு பத்திரிகைக்காரர்களை விட ஒரு படி மேலே போனார். அம்ஸ்லர் பனியில் நிற்கும்போது ரீம் அடித்த கோல் எத்தனை, வாங்கிய கோல் எத்தனை என்று தேடி எடுத்துக்கொண்டு வந்தார். நேற்று என்ன செய்தான் என்கிற கதை வேண்டாம், இன்றைக்கு என்ன செய்கிறான் என்று பார் என்றார். ஒரு கிழவனுக்குக் கொடுக்கிற காசில் இரண்டு பெடியங்களை எடுக்கலாம் என்றார். அப்படிச் சொன்னபோது வாமதேவனின் மகன் துஷாந்தன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைக் கணக்கு வழக்கெல்லாம் இப்போது அவன் கையில்தான். ஹொக்கியில் அவனுக்குத் துளி விருப்பமும் கிடையாது. ஆனாலும் அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஏன் இப்படிக் கத்தினார்? பயம்தான், வேறென்ன. ஏலாத ஒரு மனிசனுக்காக வாயைத் திறந்தால் எல்லோருடைய கண்ணும் தன்னுடைய தோளுக்கு வந்துவிடும் என்று பயந்தார். அம்ஸ்லரை எவ்வளவு தூரம் தள்ளிவிடுகிறாரோ அவ்வளவு தூரம் தான் அம்ஸ்லர் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

வாமதேவன்தான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் இடைவேளையில், மெல்லக் கேட்டார்.

“அண்ணை, ஆளை விடாமல் வேற இடத்தில போட ஏலாதோ? ஓட்டத்தைக் குறைச்சு, பெடியளுக்குச் சொல்லிக்குடுத்துக்கொண்டு நிக்க விட்டால் என்ன?”

“அது பிச்சை, வாமன். ரீம் என்ன அநாதை மடமோ? மானமுள்ளவன் எண்டால் அவனே அதை வாங்கமாட்டான்.”

வாமதேவன் அடுத்த கிழமை வேறு விதமாகக் கேட்டார், இவ்வளவு காலம் உழைத்தவனுக்கு ஒரு நன்றி வேண்டாமா என்று. நன்றிக்குப் பூமாலை போட்டு அனுப்பலாம், சம்பளம் கொடுக்க ஏலாது என்றார் யாக்கோப்பு. எல்லோரும் சிரித்தார்கள். வாமதேவன் சிரித்தாரா என்று யாக்கோப்பு பார்க்கவில்லை.

வீட்டில் அருமைநாயகி தோளுக்கு எண்ணெய் பூசிவிடும்போதெல்லாம் ஒரே கதைதான். வாமதேவன் நல்ல மனிசன், உள்ளதைச் சொல்லுங்கோ, கல்லாவில் இருக்கிற வேலையைக் கேளுங்கோ, இருந்து காசு வாங்கிப் போடுகிற வேலைதானே என்பாள். மடு மாதாவுக்கு நேர்ந்துகூட வைத்திருந்தாள். கேட்டால் மதிப்புப் போய்விடும் என்பார் அவர். மதிப்பைச் சட்டியில் போட்டுக் காய்ச்ச ஏலுமோ என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் போய்ப் படுத்துவிட்டார்.

மாசி மாதம் கடைசி இடத்தில் இருந்த ரீமோடு தோற்ற அன்று, இரண்டு தரம் அம்ஸ்லர் பிந்தி வந்ததால் இரண்டு கோல். சூசைதாசன் ரீவியைப் பார்த்துத் தூஷணத்தில் பேசினார். வாமதேவன் ரீவியை நிறுத்தினார். “நீங்கள் மனேச்சராய் இருந்தால் என்ன செய்வியள், அண்ணை?” என்று கேட்டார். விளையாட்டுக் கதை கேட்கிற குரலாக அது இல்லை. யாக்கோப்புவுக்கு அது விளங்கவில்லை.

“அடுத்த வருசம் நீ வேண்டாமெண்டு முகத்துக்கு நேர சொல்லுவன். சுத்தி வளைக்கமாட்டன். அதுதான் அவனுக்கும் மரியாதை.”

சூசைதாசன் கைதட்டினார். யாக்கோப்பு அன்று வீட்டுக்கு நல்ல சந்தோசமாகப் போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் நுணலுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஆணியில் தொங்குகிற வேன் திறப்பை எடுக்கப் போனவரை வாமதேவன் ஒபிசுக்குள் கூப்பிட்டார். துஷாந்தனும் அங்கே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாமதேவன் முதலில் மேசையைப் பார்த்தார், பிறகு சிரமப்பட்டு யாக்கோப்புவின் முகத்தைப் பார்த்தார். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்றார். தோள் விசயம் எல்லோருக்கும் எப்போதோ தெரியும், கமெராவில் பார்த்திருக்கிறோம், டூட்டிங் கடைக்காரரும் சொன்னார் என்றார். சட்டப்படி வர வேண்டியதெல்லாம் வரும் என்றார்.

யாக்கோப்பு பேசாமல் நின்றார். அந்தப் பேசாமை வாமதேவனைப் பேச வைத்தது.

“கல்லாவில விடுவம் எண்டுதான் நான் நினைச்சிருந்தன், அண்ணை. மகன் வேண்டாமெண்டவன். உங்கட மனம் என்னெண்டு தெரிஞ்சால் அவனோட கதைக்கலாமெண்டுதான் கிழமைக்குக் கிழமை கேட்டனான். நீங்கள் பிச்சை எண்டியள். அதுக்குப் பிறகு உங்களுக்கு அதைத் தர எனக்கு மனம் வரேல்லை.”

வாமதேவன் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. அதை யாக்கோப்பு தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார். சனிக்கிழமைக் கேள்விகள் ஒவ்வொன்றாக இப்போது அவருக்கு விளங்கின. ஒன்றுகூட அம்ஸ்லரைப் பற்றியது அல்ல.

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். வாமன், நான் கப்டனைப் பற்றித்தான் சொன்னனான், என்னைக் கல்லாவில விடும் என்ற ஒரு வசனம். தொண்டை வரைக்கும் வந்தது. துஷாந்தன் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“நீர் செய்தது சரி, வாமன்,” என்றார் யாக்கோப்பு.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அருமைநாயகி வேலைக்குப் போகிற பையை எடுத்தாள். அவள் அழுதிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். “உலகத்தில ஒருத்தரையும் விடாத வாய்,” என்றாள். “உங்களுக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.” சொல்லிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது எல்லோருக்கும் தெரிந்த அலைச்சல். கிறீன் ஸ்ரீற்றில் கடை கடையாக ஏறினார். முகம் தெரிந்தவர்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. அரசாங்க உதவிப்பணம் கொடுக்கிற பெனிபிட் ஒபிசில் மகனின் வயதுடைய ஒருவன், உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டான். கோப்பை கழுவுவேன், வேன் ஓட்டுவேன் என்றார். வேறு என்றான் அவன். ஹொக்கியைச் சொல்லவா முடியும்? கோயிலில் ஆட்கள் சுகம் விசாரித்தால் ஓய்வு எடுக்கிறேன் என்றார். சனிக்கிழமைகளில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தார். உடம்பில் நோகிற இடம் தோள் ஒன்றுதான் என்று டொக்டர் எழுதியிருந்தார். டொக்டருக்கு என்ன தெரியும்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குச் சூசைதாசன் வீட்டுக்கே டாக்சியைக் கொண்டுவந்து, வராவிட்டால் விடமாட்டேன் என்று நின்றார். யாக்கோப்பு நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். கடை வாசலில் கல்லாவில் ஒரு படிக்கிற பெட்டை இருந்தாள், அவரை யாரென்று தெரியாமல் என்ன வேணும் அங்கிள் என்று கேட்டாள். பின்னறையில் அவருடைய கதிரை அவர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாமதேவன் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

தோற்றால் ரீம் கீழ் வகுப்புக்கு இறங்கிவிடும். கடைசிக் கட்டத்தில் அம்ஸ்லர் திரும்ப முயன்று, கால் மடங்கி, பனியில் குப்புற விழுந்தார். எதிர்ப்பக்கத்து இளம் பெடியன் அவரைத் தாண்டிக்கொண்டு போய்க் கோல் அடித்தான். சொந்தச் சனமே கேலியாகக் கூவியது. எழும்ப அவருக்கு நேரம் எடுத்தது. இவனை இன்றைக்கே நிற்பாட்ட வேண்டும் என்று சூசைதாசன் சொல்லிவிட்டு, பழக்கதோசத்தில் யாக்கோப்புவின் பக்கம் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

யாக்கோப்பு ரீவியைப் பார்க்கவில்லை. வாமதேவனைப் பார்த்தார்.

“ஆளை விட்டிடாதையுங்கோ,” என்றார். முதலாளியோடு அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியதை அங்கே ஒருவரும் முன்பு கேட்டதில்லை. “ஒரு மூலையிலயாவது நிக்க விடுங்கோ. அவன் வேற எங்க போவான்?”

வாமதேவன் ரிமோட்டை எடுத்து ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.