தராசுக்காரரின் வலது மணிக்கட்டு

தராசுக்காரரை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. மளிகைக் கடை, இரும்புக் கடை, பழைய பேப்பர் கடை, எங்கே தராசு மக்கர் செய்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தால் போதும், "இருநூத்திப் பத்து கிராம், பேப்பரோட" என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்தால் இருநூற்றுப் பத்துதான் காட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு காட்டினால் தராசைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். எதையும் ஒரு தடவை வைத்து எடை சொல்லக் கூடாது. வைக்கணும், எடுக்கணும், எண் பூஜ்யத்துக்கு வந்து நிற்கணும், மறுபடி வைக்கணும். இப்படி மூன்று தடவை. மூன்றில் நடுவில் வருவதுதான் எடை. அவர் வீட்டில் ரவை வாங்கினாலும் இதுதான் கதி.

அவருக்கு இன்னொரு கிறுக்கு ஷட்டில். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஆறு மணிக்குப் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டக் கூடத்துக்குப் போகிறார். ஜோடி எப்போதும் சலூன்காரர்தான். சலூன்காரர் குட்டை, வேகம். இவர் நெட்டை, நிதானம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டியில் இந்த ஜோடி இத்தனை வருஷமும் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்துவிடும். இந்த வருஷம் என்ன அதிர்ஷ்டமோ, பைனலுக்கே போய்விட்டார்கள்! அதுவும் யாரோடு? பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருக்கும் சொந்தச் சம்பந்தியோடு.

இதற்கு நடுவில்தான் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "அந்தத் தராசுக்கு யாரும்மா சர்வீஸ் பண்றது?" என்று நர்ஸிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். மகளும் பேத்தியும் வீட்டுக்கு வந்த அன்றே பட்டறையிலிருந்து நல்லதாக ஒரு தராசு முன்னறை மேசைக்கு வந்துவிட்டது. தட்டின்மேல் நான்காக மடித்த துண்டு. பால் குடிக்கும் முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை.

"அறுபது கிராம் குடிச்சிருக்கா என் எடைக்கல்லு!" என்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

"அப்பா, அவ தூங்கட்டும்ப்பா" என்பாள் மகள்.

"தூங்கட்டும்மா, யாரு வேணாம்னா? தராசுலயே தூங்கட்டும்."

சாயங்காலமானால் சம்பந்தி வந்துவிடுவார். பேக்கரி மாவு வாசனையோடு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, ரொட்டித் தட்டை அடுப்பிலிருந்து தூக்குகிற மாதிரி குழந்தையைத் தலைக்கு மேலே தூக்குவார். "எங்க மூக்கு பாருங்க சம்பந்தி, அப்படியே எங்க மூக்கு!" என்பார். "மூக்கு உங்களுது, எடை எங்களுது" என்று இவர் வாங்கி உடனே தராசில் வைப்பார். பைனல் பேச்சு எழுந்தால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிப்பில் கொஞ்சம் மிளகாய் இருக்கும்.

பைனலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை, சர்வீஸ் போடப் போன தராசுக்காரரின் கையிலிருந்து பேட் நழுவி நாலடி தள்ளிப் போய் விழுந்தது. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரமாக, சுருக்கென்று ஒரு வலி.

"என்ன அண்ணே, பேட்டை யாருக்குத் தானம் பண்றீங்க?" என்றார் சலூன்காரர்.

"வேர்வைடா."

"பனியில வேர்வையா? ஞாயித்துக்கிழமை இந்த வேர்வை வந்துச்சு, உங்க சம்பந்தி நம்மள வறுத்துத் தட்டுல வெச்சிருவாரு, பாத்துக்கோங்க."

தராசுக்காரர் சிரித்து வைத்தார். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. வலிக்காக அல்ல. நழுவியதற்காக. அவருடைய அண்ணனுக்கும் முதலில் கையிலிருந்து டம்ளர்தான் நழுவியது. லேத்து மெஷினில் வேலை பார்த்த முரட்டுக் கை. ஒரு வருஷத்தில் ஸ்பூனைத் தூக்க முடியாமல் போனது. கடைசி வரை இவர்தான் ஊட்டிவிட்டார்.

அன்றிலிருந்து கையை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பார். மடக்குவார், விரிப்பார். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பத்து விரலையும் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆட்டுவார். போனை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு, "கட்டைவிரல் பக்கம் வலி, பேட் நழுவுது" என்று தேடச் சொல்லிக் கிசுகிசுத்தார். அது வரிசையாகப் பல வியாதிகளைப் படிக்க ஆரம்பித்தது. நான்காவது வியாதியோடு போனை அணைத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

புதன், வியாழன் பயிற்சிக்குப் போகவில்லை. சலூன்காரரிடம் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் சம்பந்தி வந்தபோது மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். சம்பந்தியும் ஏனோ அன்றைக்குக் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. டீயை இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவி முன்னறைக்கு வந்தபோது, தராசுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைத் தராசின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையின் துண்டு ஓரமாகக் கிடந்தது. தட்டில் அவருடைய வலது கை.

"என்னங்க பண்றீங்க?"

"கையை எடை போடறேன்."

"என்னாது?"

"இடது கையை மூணு தடவை வெச்சேன். வலது கையை மூணு தடவை வெச்சேன். வலது நாப்பது கிராம் அதிகம். வீங்கியிருக்கு. உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு."

"முப்பது வருஷமா அந்தக் கையாலதானே திருப்புளி முடுக்குறீங்க? அது கனக்காம வேற எது கனக்கும்?" மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார் அவர், மெதுவாக. "பைனல் போனா போவுது. இந்தக் கையால அவள நான் தூக்க முடியாமப் போச்சுன்னா?"

மனைவி உள்ளே போனாள், புடவையை மாற்றினாள், வாசலில் அவருடைய செருப்பை எடுத்துப் போட்டாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"எலும்பு டாக்டர் கிட்ட. நீங்களா ஒரு வியாதிய எடை போட்டு விலை சொல்லாதீங்க. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க."

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். சுவரில் எலும்புக்கூட்டுப் படம், மேசைமேல் பிளாஸ்டிக் முழங்கால். தராசுக்காரர் அண்ணன் கதையிலிருந்து தொடங்கி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். டாக்டரம்மா விரல்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தள்ளச் சொன்னார், தன் கையை இறுக்கச் சொன்னார்.

"பலமெல்லாம் நல்லாவே இருக்கு. உங்க அண்ணனுக்கு வந்தது இது இல்ல. சரி, கட்டைவிரலை உள்ள வெச்சுக் கையை மூடுங்க. அப்படியே சுண்டுவிரல் பக்கமா சாய்ச்சுக் காட்டுங்க."

"ஐயோ... அம்மா!" வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா சிரித்தார். "வீட்டுல கைக்குழந்தை இருக்கா?"

தராசுக்காரர் வாயைப் பிளந்தார். "எப்படி டாக்டரம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க." டாக்டரம்மா நாற்காலி மெத்தையை எடுத்துக் கொடுத்தார். தராசுக்காரர் இரண்டு கட்டைவிரலையும் அகல விரித்து, அக்குளில் கொடுப்பது போல் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கினார். முகம் கோணிக்கொண்டது.

"அதேதான். கட்டைவிரல் தசைநாண் ஓடுற உறை வீங்கியிருக்கு. பச்சைக் குழந்தைக்காரங்களுக்குச் சகஜமா வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குவீங்க?"

தராசுக்காரர் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "பால் எட்டு வேளை. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, பதினாறு. மூணு தடவை வெச்சு எடுக்கணும் இல்லையா... நாப்பத்தெட்டு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வெச்சு எடுக்கணும்?"

"தராசுலதான்" என்றாள் மனைவி. "அவர் தொழில் அது டாக்டர். விருந்தாளி வந்தா தனிக் கணக்கு."

டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார். "மூணு வாரம். பேட் கூடாது, குழந்தையத் தூக்கக் கூடாது. வலி கொறஞ்சதும் விரலெல்லாம் ஒட்டி வெச்சு, உள்ளங்கையால அடியில இருந்து அள்ளுங்க. எடை வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஒரே ஒரு தடவை!"

வெளியே வந்த தராசுக்காரர் நடக்கவில்லை, மிதந்தார். கேட்காதவர்களுக்கெல்லாம் பட்டையைக் காட்டினார். "இது என் பேத்தி குடுத்தது! தூக்கித் தூக்கியே வந்தது!" என்று டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் சொன்னார். ஊசிக்கு நின்ற கிழவரிடம் சொன்னார். பெஞ்சுக் கோடியில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தவரிடமும் சொல்லப் போனவர் சட்டென்று நின்றார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் அந்த ஆள். பிடித்திருந்தது இடது கையால் மட்டும். வலது கை மடியில் கிடந்தது. மாவு வாசனை வேறு வீசியது.

"சம்பந்தி?"

பேப்பர் மெதுவாக இறங்கியது. "காய்ச்சல் சம்பந்தி. லேசா."

"எலும்பு டாக்டர் கிட்டயா?"

பேக்கரிக்காரர் தராசுக்காரரின் பட்டையைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். "உங்களுக்கும் இங்கதானா?"

"இதே இடம்! கையை மூடிச் சாய்ச்சா உயிர் போகும்!"

"ரொட்டித் தட்டு தூக்கித்தான் வந்துச்சுன்னு நெனச்சேன்யா. அடுப்பையே விக்கணும் போலன்னு மூணு நாளா சோறு எறங்கல."

"பேத்தி குடுத்தது சம்பந்தி! நம்ம ரெண்டு பேருக்கும் சரிசமமா குடுத்திருக்கா!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு சம்பந்திகளும் இடது கையால் கட்டிப்பிடித்துக்கொண்டதை அந்த டோக்கன் பெண் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

பைனல் ஒரு மாதம் தள்ளிப்போனது. சலூன்காரர்தான் குதியாய்க் குதித்தார். "ரெண்டு தாத்தாக்களை ஒரு கைக்கொழந்தை ஆட்டத்துல இருந்து தூக்கிருச்சே! இதுக்குக் கோப்பையை அந்தப் பாப்பா கையிலயே குடுத்திருக்கலாம்."

மனைவி தராசைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள். வாரம் ஒரு நாள் இறக்குவாள், அவளே குழந்தையை வைப்பாள், எண்ணைச் சொல்லுவாள், மறுபடி ஏற்றிவிடுவாள். கடைசி ஒரு வாரம் சாயங்காலங்களில் சம்பந்திகள் இரண்டு பேரும் பேக்கரியிலிருந்து வந்த நாலு கிலோ மாவுப் பையை வைத்து அள்ளிப் பழகினார்கள். "கட்டைவிரல ஒட்டுங்க சம்பந்தி!" "நீங்க முதல்ல ஒட்டுங்க!" ஒருநாள் பை கிழிந்து இருவரும் வெள்ளையாகி நின்றதைப் பார்த்துத்தான் குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது. அது தற்செயல் என்றாள் மகள். தாத்தாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை பட்டையை அவிழ்த்தார் தராசுக்காரர். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடினார். சாய்த்தார். வலி இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இல்லவே இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தராசை இறக்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

விரல்களை ஒட்டி, உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்து, மெத்தைக்கும் குழந்தைக்கும் நடுவே மெதுவாக நுழைத்தார். அள்ளினார். குழந்தை முழுசாக அவர் கைக்குள் வந்து உட்கார்ந்தது. ஒன்றும் நழுவவில்லை. தராசில் வைத்தார். நாலு கிலோ அறுநூற்று இருபது.

"எடுத்து மறுபடி வைக்கணுமா?" என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

தராசுக்காரர் பேத்தியை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டார். எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றதா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம்" என்றார். "சரியாத்தான் இருக்கும்."