சகலையின் ரிலீஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். பொத்தானைக் கண்டால் அழுத்திப் பார்க்காமல் அவர் விரல் சும்மா இருக்காது. வில் விளையாட்டில் அதுவே அவருக்குச் சனியாக வாய்த்தது.

கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லின் நாணை யாரும் வெறும் விரலால் இழுப்பதில்லை. ரிலீஸ் என்ற சிறு கருவி நாணைக் கவ்விக்கொள்ளும். குறி சேர்ந்ததும் விட்டுவிடும். மெக்கானிக்கினுடையது மணிக்கட்டில் பட்டை போட்டுக் கட்டுகிற ரகம், ஆள்காட்டி விரலுக்கு விசை உண்டு. இலக்கின் நடு மஞ்சள் வட்டம் கண்ணில் பட்டதுமே வெடுக்கென்று அழுத்திவிடுவார். அம்பு பத்தைத் தவறவிட்டு எட்டில் போய் நிற்கும்.

அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பார். மனைவியின் தங்கை புருஷன், பேக்கரிக்காரர், தொப்பையைக் குறைக்கிறேன் என்று அதே கிளப்பில் சேர்ந்து, ஒன்றரை வருஷத்தில் இவரையே எட்டிப் பிடித்துவிட்டதுதான் வயிற்றெரிச்சல். கிளப் அணியில் ஓர் இடம் காலி. போட்டி இவர்கள் இருவருக்கும்தான்.

மெக்கானிக் துப்பறிந்தார். சகலையின் ரிலீஸில் விசையே கிடையாது. முதுகு இறுக இறுக, கருவி கையோடு மெல்லத் திரும்பி, எய்பவருக்கே தெரியாத ஒரு நொடியில் நாணை விடும். மாவு உப்பும்வரை சும்மா நிற்கத் தெரிந்த ஆளுக்கு ஏற்ற சாமான். மெக்கானிக் அப்படி யோசிக்கவில்லை. திறமையெல்லாம் கருவியில்தான் என்று முடிவு கட்டினார். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வந்தது.

ஒரு ஞாயிறு சகலை வீட்டில், அவர் குளிக்கப் போன நேரம், அவருடைய பையைத் திறந்து, ரிலீஸின் திருகாணி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று செல்போனில் படம் பிடித்தார். அதே கருவியை வாங்கி, அதே அளவுக்குத் திருகினார். பழகிப் பார்க்கவில்லை, வெளியில் எடுத்தால் சகலை உஷாராகிவிடுவாராம்.

தேர்வு நாள், முதல் அம்பு. நாண் பாதி வருவதற்குள் ரிலீஸ் திறந்துகொண்டது. அம்பு பலகைக்குப் பின்னால் மண்மேட்டில் செருகியது. அவருடைய முஷ்டி அவருடைய வாயிலேயே வந்து இறங்கியது.

சகலைதான் ஐஸ் கட்டியோடு ஓடி வந்தார். கருவியை ஒரு தரம் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இழுக்கும்போது கட்டைவிரலை இந்த முளை மேல வச்சு, திரும்பாம பிடிக்கலியா?"

இல்லை என்று மெக்கானிக் தலையசைத்தார். முளை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும்.

"இது என் தடிச்ச கைக்கு வச்ச அளவாச்சே. உங்க நீள விரலுக்கு தும்மினாலே திறந்துக்கும். யாரு வச்சுக் குடுத்தா?"

"கடைக்காரன்."

"நல்ல கடைக்காரன்" என்றார் சகலை. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மை ஐஸ் கட்டியைவிட அதிகமாகச் சில்லிட்டது.

பழைய பட்டையைக் கட்டிக்கொண்டு மிச்சம் இருபத்தொன்பது அம்பையும் எய்தார் மெக்கானிக். ஏழு புள்ளியில் இடம் போனது. மண்மேட்டு அம்புக்குப் பூஜ்யம்.

மறு ஞாயிறு சகலையே வீட்டுக்கு வந்து, திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி, வில்லுக்குப் பதில் ஒரு கயிற்று வளையத்தை மாட்டி இழுக்கச் சொன்னார். இருபது தடவையும் தப்பியது. சகலை முகம் சுளிக்கவில்லை.

"அவசரமே இல்லண்ணே. அது போறப்ப போகட்டும்."

இருபத்தோராவது தடவை, விரல் எதையும் அழுத்தாமலே, வளையம் தானாக விடுபட்டது. மனைவியும் அவள் தங்கையும் கைதட்டினார்கள், சகலையைப் பார்த்து.

தோற்றதைக்கூட மெக்கானிக் மன்னித்துவிடுவார். இந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வருகிறதே, அதை எந்தக் கடையில் போய் வாங்குவது?